நடந்ததைச் சாப்பிடலாமா?

நான் சிறுவனாக இருந்தபோது திருமானூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. பிறகு பெரம்பலூர் என்றார்கள், 2007-இல் அரியலூர் ஆனது. மாவட்டம் மாறிய அளவுக்குச் சோறும் மாறியிருக்கிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் சோற்றுக்கான கணக்கு அம்மா உலையில் அரிசி போடும்போதே முடிந்துவிடும். களை எடுக்கிற நாளுக்கு ஒரு அளவு, நாற்றுப் பறித்து நடுகிற நாளுக்கு அதைவிடக் கூட, கரும்பு வெட்டுகிற நாளுக்குப் பெரிய பானை. இன்றைக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டுத்தான் படியைக் கையில் எடுப்பாள்.

கரும்பு வெட்டும் நாளில் பத்து மணிக்கு நான்தான் அப்பாவுக்குத் தூக்குவாளி கொண்டுபோவேன். விடியலிலிருந்து அரிவாளோடு குனிந்து நின்ற மனிதர், வாய்க்காலில் கை கால் அலம்பிவிட்டு வந்து வரப்பில் உட்காருவார். கை முழுக்கக் கரும்புச் சோகை கிழித்த கோடுகள் இருக்கும். பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு முதலில் நீராகாரத்தைக் குடிப்பார். சின்ன வெங்காயத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு குத்து, தோல் தனியே வந்துவிடும். வாளியின் அடி தெரிகிறவரை பேச்சே இருக்காது. நான் பார்க்க அத்தனை சோறு உண்டவர், கடைசிவரை அரைஞாண் கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொள்ளவே இல்லை.

இப்போது அதே ஊரில், விடிவதற்கு முன்பே கொள்ளிடப் பாலத்தில் நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். அக்கரை தஞ்சாவூர் மாவட்டம், தொட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். 2023 நவம்பரில் அரசாங்கமே 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஓர் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறவர்கள் ஒரு மணி நேரமாவது காலுக்கு வேலை கொடுப்பதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது. கவலையெல்லாம், நடந்து முடித்ததும் அவர்கள் போய் நிற்கிற டீக்கடையைப் பற்றித்தான்.

என் அக்கா மகன் சிமெண்ட் ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். எண்பது கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நடக்க ஆரம்பித்தும் முள் இறங்கவில்லை. ஒருநாள் வடைத் தட்டின் முன்னால் நின்றபடி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான்.

"மாமா, இன்னிக்கு நானூத்தி இருபது எரிச்சிருக்கேன். ரெண்டு வடை சாப்பிட்டாலும் கணக்குல இடிக்காது."

"நானூத்தி இருபதுன்னு யாரு சொன்னா மாப்ளே?"

"வாட்ச் சொல்லுது மாமா."

டீக்கடை பெஞ்சிலேயே கணக்குப் போட்டோம். எண்பது கிலோ உடம்பு, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 280 கலோரி செலவாகும். அந்த ஒரு மணி நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் 80 போயிருக்கும். ஆக, நடையால் மட்டும் போனது 200. நடுத்தர அளவு உளுந்து வடை ஒன்றே நூறைத் தாண்டும். இரண்டு வடை, சர்க்கரை போட்ட ஒரு டீ என்றால், நடந்தது அத்தனையும் தீர்ந்து மேற்கொண்டு கடனும் ஏறிவிடுகிறது.

கடிகாரம் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. அதற்கு அளக்கத் தெரிந்தது நாடித் துடிப்பு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-இல் இப்படிப்பட்ட ஏழு கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே சொல்லின. கலோரியில்தான் கோளாறு: இருப்பதிலேயே நல்ல கருவியும் சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம் தவறியது. அந்த எண்ணை நம்பி வடையை எடுப்பது சரியில்லை.

அவன் கைபேசிச் செயலியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முதல்நாளே அது "உங்கள் வேலை எப்படிப்பட்டது?" என்று கேட்டிருக்கிறது. "ஓரளவு உடலுழைப்பு உண்டு" என்று இவன் தொட்டிருக்கிறான், காலை நடையை மனதில் வைத்து. அப்போதே நடைக்கான சாப்பாட்டையும் சேர்த்துத்தான் நாளைக்கு இவ்வளவு என்று அது சொல்லியிருக்கும். பிறகு கடிகாரம் காட்டியதையும் தனியாகச் சாப்பிட்டால், ஒரே நடைக்கு இரண்டு கூலி. உட்கார்ந்த வேலை என்று குறித்திருந்தால் கொஞ்சம் சேர்த்துக்கொள்வதில் நியாயம் உண்டு; அதுவும் பசி உண்மையாக இருந்தால், கடிகாரம் காட்டுவதில் பாதிக்கு மேல் போகாமல்.

உடம்பும் தன் பங்குக்குச் சிக்கனம் பிடிக்கிறது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் 1,754 பேரின் கலோரிச் செலவைப் பார்த்தார்கள். கூடுதலாக உழைத்து எரிக்கிற கலோரியில் சராசரியாக 28 சதவீதத்தை, உடம்பு வேறு செலவுகளைச் சுருக்கி ஈடுகட்டிவிடுகிறது என்று தெரிந்தது. கொழுப்பு கூடுதலாக உள்ளவர்களிடம் இந்தச் சிக்கனம் இன்னும் அதிகம். எடையைக் குறைத்தே ஆக வேண்டியவருக்குத்தான் நடை குறைவாகக் கைகொடுக்கிறது என்பது எனக்கு வருத்தம் தந்த செய்தி. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் நடை செய்கிற நன்மை இதனால் குறைந்துவிடாது. எடை மட்டும் தட்டில்தான் இறங்கும்.

அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலே எப்படிச் சரியாக அமைந்தது? இதற்கு நான் அறிந்த நல்ல விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. ஜான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவருடைய சகாக்களும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் வேலையையும் ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டார்கள். எழுத்தர், மேற்பார்வையாளர் முதல் சுமை தூக்குகிறவர் வரை அதில் இருந்தார்கள். உடலுழைப்பு உள்ளவர்களிடையே வேலை கூடக் கூடச் சாப்பாடும் கூடியது, எடை ஏறவில்லை. உட்கார்ந்த வேலைக்காரர்கள் மட்டும், கடுமையாக உழைத்தவர்களுக்கு நிகராகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். உழைப்பு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் பசி வேலையைக் கேட்டு வருவதில்லை. வயலில் நின்ற அப்பாவின் பசியை நம்பலாம். நாற்காலியில் இருக்கும் மருமகனின் பசியை அப்படி நம்ப முடியாது.

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அம்மாவும்தான் அப்பாவுக்குச் சமமாகச் சேற்றில் நின்றாள். நட்டுவிட்டு வந்து அடுப்பு மூட்டி, எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிஞ்சியதைச் சாப்பிட்டாள். எவ்வளவு சாப்பிட்டாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எரித்ததைத் திரும்பச் சாப்பிட்டே ஆக வேண்டிய ஓர் ஆள் எங்கள் வீட்டில் இருந்தாள், அவளுக்குப் போதிய அளவு பானையில் மிச்சம் இருந்ததில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் தந்த அளவுப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளைக்கு 1,660 கலோரி போதும். கடும் உழைப்பு என்றால் 2,720 வேண்டும். வித்தியாசம் ஆயிரத்துக்கு மேல். எங்கள் பக்கத்தில் நடவுக்குப் போகிற பெண்களில் எத்தனை பேருக்கு இந்த ஆயிரம் கிடைக்கிறது? அன்றைக்கு நிலத்துக்காரர் வீட்டிலிருந்து வயலுக்குச் சோறு போகும், கூலி நெல்லாக வீடு சேரும். இன்று காசுக் கூலி, பத்து மணிக்கு ஒரு டீயும் பன்னும். காசு வந்தது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வயலுக்கு வந்த சோறு மட்டும் நின்றுவிட்டது. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு இறங்குகிறவள் அந்த டீயோடு மதியம்வரை குனிந்து நிற்கிறாள். மேட்டில், அதே நேரத்தில், நடந்த களைப்புக்கு வடை வாங்குகிறோம்.

போலீஸ் தேர்வுக்காக 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்கக் காலையும் மாலையும் ஓடிப் பழகுகிற பையன்களுக்கும் நான் குறைத்துச் சாப்பிடச் சொல்ல மாட்டேன். ஓடிவிட்டுப் பட்டினி கிடந்தால் கரைவது சதையும் பலமும்தான். சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீளமாக நடந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கம் வரலாம்; அவர்கள் எப்போது, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருமகனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். செயலியில் உட்கார்ந்த வேலை என்று மாற்றச் சொன்னேன். நடையை விடாதே, நடைக்கென்று தனியாக எதுவும் சாப்பிடாதே, வீட்டுக்கு வந்து வழக்கமான இட்லி, சாம்பாரைச் சாப்பிடு என்றேன். குறைப்பதை மதியச் சோற்றில் ஒரு கரண்டியாகக் குறைக்க வேண்டும். பருப்பிலும் முட்டையிலும் கை வைக்கக் கூடாது. எடை முள் அசையாத வாரங்களில் இடுப்பை நாடாவால் அளந்து பார்க்கட்டும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எச்சரிக்கைக் கோடு.

"அப்ப நல்லா பசிச்சா மாமா?"

"பசிச்சா சாப்பிடு மாப்ளே. வாட்ச்சைப் பாத்துப் பசிக்க வேணாம்."

எங்கள் நடவுக்கு வருகிற பெண்களுக்கு இப்போது டீயோடு ஆளுக்கு இரண்டு அவித்த முட்டையும், அவித்த வேர்க்கடலையும் தருகிறோம். வரப்பில் உட்கார்ந்து அவர்கள் அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை வேலையைத் தொடங்கச் சொல்வதில்லை. பக்கத்து வயல்காரர்களிடமும் இதைச் சொல்லி வருகிறேன். அடுத்த நடவுக்குள் இன்னும் இரண்டு மூன்று வீடுகளாவது சேர வேண்டும்.