வஞ்சிரப் பாக்கி

அக்கா மகனுக்கு பெர்லினில் வேலை. அங்கே ஒரு டெக்னோ கிளப் வாசலில் மூன்று மணி நேரம் குளிரில் நின்றிருக்கிறான். வாசல்காரன் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டான். எந்த கிளப் என்று கேட்டால் சொல்லமாட்டான். மானப் பிரச்சினை.

போன வாரம் லீவில் வந்தான். வந்த மறுநாளே திருவொற்றியூரில் பெரியம்மா போய்ச் சேர்ந்தாள். 91 வயது. காசிமேட்டில் மீன் கூடை தூக்கியே நாலு பிள்ளைகளை ஆளாக்கியவள். கல்யாணச் சாவு. ராத்திரிக்குக் கானா வைத்தே தீரவேண்டும் என்று தெருவே முடிவு செய்துவிட்டது.

"லைவ் ஆக்ட்டா மாமா?"

"ஆமாண்டா, விடிய விடிய. வாசல்ல யாரும் நிறுத்தமாட்டாங்க. யாராவது செத்திருக்கணும், அவ்ளோதான்."

சாமியானா, ஆளுயர ஸ்பீக்கர் ரெண்டு, டோலக்கு, கீபோர்டு, ரிதம் பேட். பேடைப் பார்த்ததும் பயலுக்கு உற்சாகம். டெக்னோக்காரர்கள் கும்பிடுகிற 909 டிரம் மிஷினை 1983இல் கொண்டுவந்த ரோலண்ட் கம்பெனிதான் 1985இல் ஆக்டோபேடையும் கொண்டுவந்தது என்று வாசிக்கிற தம்பிக்கு வகுப்பெடுத்தான். "அண்ணா, ஒயர மிதிக்காதீங்க" என்றான் தம்பி.

அடுத்து நான் மாட்டினேன். டெக்னோ பிறந்தது கார் ஃபேக்டரி ஊரான டெட்ராய்ட்டில், 1980களில். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்று மூன்று கறுப்பினப் பள்ளித் தோழர்கள் செய்த வேலை. பெர்லினில் பெர்க்ஹைன் கிளப் நடப்பதோ பழைய மின்நிலையத்துக்குள். "நம்மகிட்ட ரெண்டுமே இருக்கே மாமா!"

இருக்கத்தான் இருக்கிறது. எண்ணூரில் லேலண்ட் ஃபேக்டரி ஓடுகிறது. 1970இல் வந்த அனல்மின் நிலையத்தை 2017இல் மூடிவிட்டார்கள். அத்தனை வருஷம் அதன் சாம்பலைத் தின்றவர்களுக்கு உள்ளே போய் ஆடும் யோசனை வரவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. ஐஸ் பெட்டிக் கண்ணாடி மேல் சாமந்தி மாலை. ஒவ்வொரு அடிக்கும் அது விரற்கடை நழுவும், கடைசி மருமகள் அழுதபடியே மேலே தள்ளி வைப்பாள், மறுபடி நழுவும். என் கையிலிருந்த பேப்பர் கப் டீயில் வட்ட வட்டமாக அலை.

கானாக்காரர் பாடுவதற்கு முன் விவரம் கேட்பார்: பேர் என்ன, எத்தனை பிள்ளை, என்ன தொழில். எல்லாம் பாட்டில் வந்துவிடும். பெரியம்மாவிடம் நான் வாங்கிய வஞ்சிரத்துக்கு எண்ணூறு ரூபாய் பாக்கி என்பதையும் ஏதோ ஒரு பொடிசு சொல்லித் தொலைத்திருக்கிறது. நாலாவது சரணத்தில் என் பேரோடு, எதுகை தப்பாமல் வந்தது. ஆளுயர ஸ்பீக்கர் ரெண்டிலும். மருமகள் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

பத்து மணிக்கு ஸ்பீக்கர் நின்றது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை கூடாதென்பது 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி. பத்து நிமிஷம் முந்தி நினைவு வந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். பேடையும் கீபோர்டையும் மூட்டை கட்டினார்கள். அதற்கப்புறம்தான் கச்சேரியே களைகட்டியது: டோலக்கு, ஒரு தீப்பெட்டி, ஒரு பிளாஸ்டிக் குடம். குடத்தைப் பெர்லின்காரன் கெஞ்சி வாங்கினான். ரெண்டே நிமிஷத்தில் தாளம் தப்பியது, பிடுங்கிக்கொண்டார்கள்.

எண்ணூறு ரூபாயை மறுநாளே மருமகளிடம் கொடுத்துவிட்டேன். பதினாறாம் நாள் காரியம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. பாட்டு கிடையாது, சாப்பாடு உண்டு. வருகிறவர்கள் வரலாம்.