விளக்கு எரியுது, ஆள் இல்லை

ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை 1970-இலேயே வந்துவிட்டது. வீட்டு ஸ்டுடியோக்கள் நேற்று முளைத்தவை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் காற்று வீசும் ஊர். மார்கழி நெருங்கினால் திருப்பாவை முப்பதையும் பதிவு செய்யாமல் சிலருக்குத் தூக்கம் வராது.

சுருதிப்பெட்டி தயார், மிளகுக் கஷாயம் தயார். கம்ப்யூட்டர் மட்டும், மைக்கைத் தன்னோடு இணைக்க மேசையில் விளக்கு மினுங்க உட்கார்ந்திருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியைப் பார்த்து, வாசலில் கடன்காரன் நிற்கும்போது உள்ளிருந்து வரும் குரலில், "அப்படி யாரும் இல்லையே" என்கிறது.

ராஜபாளையத்திலிருந்து போனில் வைத்தியம்: "அண்ணாச்சி, அணைச்சுப் போடுங்க." போட்டாயிற்று. "டிரைவரை அழிச்சிட்டு மறுபடி ஏத்துங்க." ஏற்றியாயிற்று. அடுத்தது குலதெய்வம்தான்.

அதற்கு முன் வயரைப் பார்க்கலாம். சாதாரண யூஎஸ்பி வயருக்குள் மின்சாரத்துக்கு 2 கம்பி, தகவலுக்கு 2 கம்பி. சார்ஜ் போட மட்டுமே செய்த மலிவு வயரில் பின்னவை இருக்காது. விளக்கு ஜோராக எரியும், பேச்சுவார்த்தை கிடையாது.

வயர் சரியென்றால் விண்டோஸின் பிரைவசி பக்கம். மைக்கைத் தொட ஆப்களுக்கு அங்கே அனுமதி மறுத்திருக்கலாம். நம் ஜாதகமே ஊரெல்லாம் சுற்றும்போது மைக்குக்கு மட்டும் இத்தனை கெடுபிடி! அதுவும் சரியென்றால், வேறு மென்பொருள் இன்டர்ஃபேஸைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்கலாம்: ஸ்டெயின்பெர்க் 1997-இல் கொண்டுவந்த ஆசியோ என்னும் ஆடியோ டிரைவர் முறையில், பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் முகம் கொடுக்கும்.

ஒருவழியாக அலைக்கோடு எழும்பியது. முதல் பாசுரத்தின் நடுவே டவுன் பஸ் ஹாரன் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. அந்த டிரைவர் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.