முழங்கை தூக்கினால் ஃபவுல்! (மாமா பதில்கள்)

ஜிம்முக்குப் பஞ்சா (கை மல்யுத்த) மேஜை வாங்கப் போகிறேன். முதலில் எதைப் பார்க்கணும் மாமா?
*ஜிம் ஓனர், ஈரோடு*

உயரத்தை. நின்று போடும் மேஜை 40 அங்குலம், உட்கார்ந்து போடுவது 28. பலகை 36-க்கு 26. ‘ஸ்டாண்டர்ட் சைஸ்தான் சார்’ என்று கடைக்காரர் சொன்னால் சிரித்தபடியே டேப்பை எடுங்கள். சில கடைகளில் ஸ்டாண்டர்ட் என்பது குடோனில் விற்காமல் கிடக்கும் சைஸ்.

வீட்டு டைனிங் டேபிள் போதாதா?
*சிக்கனவாதி, மதுரை*

தாராளமாக. அப்புறம் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் சாப்பாடு தரையில்.

மேஜையின் இரண்டு ஓரத்திலும் குத்தென்று ஒரு கம்பி நிற்கிறதே, அழகுக்கா?
*மாணவர், திருச்சி*

அதன் பெயர் பெக். சும்மா இருக்கிற கை பிடித்துக்கொள்ள. ‘சும்மா’ என்று சொன்னதற்கு அந்தக் கை கோபித்துக்கொள்ளும். உடம்பை மேஜையோடு இழுத்துக் கட்டி, முதுகின் பலத்தையெல்லாம் போட்டி போடும் கைக்கு அனுப்புவது அதுதான். ஆட்டத்தின் நடுவே பெக்கை விட்டால் ஃபவுல்.

வாங்கும்போது வெட்கப்படாமல் மேஜைக்கு அடியில் குனிந்து பாருங்கள். பெக் இரும்புச் சட்டத்தோடு வெல்டிங் ஆகியிருந்தால் பணத்தை எண்ணலாம். வெறும் பிளைவுட்டில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருந்தால், கொஞ்ச நாளில் பெக் பிடித்தவரோடு வீட்டுக்கே போய்விடும்.

முழங்கை வைக்கும் இரண்டு பேடையும் நேருக்கு நேராக வைக்காமல் கோணலாக ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். போய்ச் சண்டை போடட்டுமா?
*ஏமாந்தவர், சேலம்*

கோணலுக்காகப் போடாதீர்கள், அது சரிதான். எதிரெதிரே கொஞ்சம் விலகியிருந்தால்தான் இரண்டு கையும் நடுமையத்தில் சந்திக்கும். ஆனால் ‘ஒட்டி’ என்றீர்களே, அதற்குப் போடலாம். வலக்கைக்கு இந்தப் பக்கம் விலகியது, இடக்கைக்கு அந்தப் பக்கம் விலகணும். கழற்றி மாட்டுகிற பேடாகக் கேட்டு வாங்குங்கள். பசை போட்டு ஒட்டினால் ஊரில் உள்ள இடக்கைக்காரர் சாபமெல்லாம் உங்களுக்குத்தான்.

பேட் எவ்வளவு மெத்தென்று இருக்கலாம்?
*சுகவாசி, தஞ்சாவூர்*

மெத்தென்று வேண்டுமானால் கட்டில் வாங்குங்கள். 7 அங்குலச் சதுரம், உள்ளே இறுகின ஃபோம், மேலே ரெக்ஸின். கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள்: பள்ளம் உடனே எழுந்தால் நல்ல சரக்கு. யோசித்து யோசித்து எழுந்தால் முழங்கை பலகை வரை அமுங்கும். அமுங்கிய முழங்கை மேலே வரத் துடிக்கும். பேடை விட்டு எழும்பினால் ஃபவுல், இரண்டு ஃபவுல் ஆனால் ஆட்டமே போச்சு. தையல் பக்கவாட்டில் இருக்கட்டும். மேலே இருந்தால் உங்கள் தோலைத்தான் தைக்கும்.

கை சாய்கிற பக்கத்திலும் 4 அங்குல உயரத்துக்கு ஒரு மெத்தை. எதற்கு? கை பலகையில் ‘டமார்’ என்று விழுந்தால்தானே வெற்றி!
*சினிமா ரசிகர், கோவை*

‘டமார்’ ஒலிப்பதிவுக்காரரின் வெற்றி. அந்த மெத்தைதான் டச் பேட். அதன் உயரத்துக்குக் கை இறங்கினாலே தோல்விதான். அதற்கும் கீழே தள்ளினால் எதிராளியின் தோள்பட்டையை அல்லவா ஜெயிப்பீர்கள்?

ஸ்டாலோனின் 1987 படம் ‘ஓவர் தி டாப்’ பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்தப் படத்தை ஒட்டி லாஸ் வேகாஸில் நிஜப் போட்டியும் நடந்தது. லாரி ஓட்டுநர் பிரிவில் ஜெயித்து லாரியையே பரிசாகக் கொண்டுபோனவர் ஜான் பிரெசெங்க். அவர் பிழைப்புக்குச் செய்தது விமான மெக்கானிக் வேலை!

நல்ல மேஜையாக வாங்கினால் கை உடையாது, இல்லையா?
*கவலைப்படும் தாய், நாகர்கோவில்*

உடையும் அம்மா. இதில் விளையாட்டுப் பேச்சு வேண்டாம். உடைவது பெரும்பாலும் மேல்கை எலும்பு. பாரம் தாங்காமல் அல்ல, முறுக்குத் தாங்காமல். தோள் முன்னால் பாய, உள்ளங்கை பின்னால் தங்கிவிட்டால், நடுவில் மாட்டிய எலும்பு சுருள் சுருளாக விரிசல் விடும். அந்த நிலையைப் பார்த்ததும் நல்ல நடுவர் எச்சரிப்பார்.

பையனிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: கண் எப்போதும் தன் கையைப் பார்க்கட்டும். முகத்தை அந்தப்புறம் திருப்பிப் பல்லைக் கடிக்கிறவர்தான் பிறகு எக்ஸ்ரே அறையில் பல்லிளிக்கிறார்.

எல்இடி விளக்கு, கப் ஹோல்டர் எல்லாம் வைத்த மேஜை பார்த்தேன். ஜோர்!
*ரசனைக்காரர், புதுச்சேரி*

அந்தக் காசுக்கு இரும்பு வாங்குங்கள். கனமான சதுர பைப், அகலமான அடிச்சட்டம், மூலைக்கு மூலை முழு வெல்டிங். மடக்குக் கால் வேண்டாம். போல்ட் போட்டுக் கழற்றுவது பரவாயில்லை. ஒரு மூலையைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள், கடைக்காரர் முகம் மட்டும் ஆடணும்.

வேர்வையில் கை நழுவிக்கொண்டே இருக்கிறது.
*ஒரு வாசகர், சென்னை*

ஜிம் சாக்பொடி பூசலாம். ஆட்டத்தில் பிடி நழுவினால் நடுவர் இருவர் கையையும் சேர்த்து வாரால் கட்டிவிடுவார், பாணிக்கிரகணம் மாதிரி. மேஜையோடு ஒரு வாரும் வாங்கி வையுங்கள். அட்சதை தேவைப்படாது.

என் உயரம் 5 அடி. காலைக் கொஞ்சம் வெட்டினால் என்ன?
*குள்ளமணி, விருதுநகர்*

யார் காலை?

மேஜைக் காலை என்றால் வேண்டாம். நிற்கிற இடத்தில் உறுதியான பலகை போட்டு ஏறிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஒரு விளையாட்டா?
*சலித்துக்கொண்டவர், வேலூர்*

கலிஃபோர்னியாவில் பெட்டலூமா என்று ஓர் ஊர். 1950-களில் அங்கே மதுக்கடையில் தொடங்கிய வீம்பை உலகப் போட்டியாக வளர்த்தவர் பில் சோபரானஸ் என்ற பத்திரிகைக்காரர். (எங்கள் ஜாதி சும்மா இராது.) அன்று அங்கே பெக் கிடையாது. மிச்சக் கைகளும் கீழே கோத்துக்கொண்டன. 1968-ல் ‘பீனட்ஸ்’ சித்திரக்கதையின் நாய் ஸ்னூப்பியும் பெட்டலூமாவுக்குக் கிளம்பியது. கட்டைவிரல் இல்லை என்று தகுதி நீக்கம். விதி என்றால் விதி!

ப்ரோ பஞ்சா லீகில் தமிழ்நாட்டு அணி உண்டா?
*மானஸ்தர், தூத்துக்குடி*

2023-ல் டெல்லியில் நடந்த முதல் சீசனில் 6 அணிகள். கோப்பை கொச்சிக்குப் போனது. நாம் அந்த ஆறில் இல்லை. மேஜை விலை விசாரித்துக்கொண்டிருந்தோம்.

மாமா, என்னோடு ஒரு கை பார்க்கத் தயாரா?
*சவால்காரர், திண்டுக்கல்*

நடுவராக வருகிறேன். வலது கை பேனாவுக்கு, இடது கை காபிக்கு. இரண்டுமே புக்கிங்.