நகரியில் கால் முறிந்தால்

பாதத்தில் 26 எலும்புகள். அதில் ஒன்று முறிந்தால் போதும், ஆந்திராவின் நகரியில் எதிர்ப்படுகிற அத்தனை பேரும் வைத்தியராகிவிடுவார்கள். "இன்னுமா புத்தூருக்குப் போகல?" என்பதுதான் முதல் விசாரிப்பு. பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி எனப் பேர்போன புத்தூர் கட்டுக்குச் சென்னையிலிருந்தே ஆள் வருகிறது. வர முடியாதவர்களுக்காகச் சென்னைத் தெருக்களில் 'புத்தூர்' போர்டுகள் முளைத்திருக்கின்றன. இத்தனை புத்தூர்களை ஆந்திர வரைபடமே தாங்காது.

2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது நகரி சட்டமன்றத் தொகுதியே முறிந்தது. நகரி சித்தூரில் நின்றது. புத்தூர் திருப்பதிக்குப் போனது. கால் கட்டவே மாவட்டம் தாண்ட வேண்டியதாயிற்று.

எலும்பு கூடப் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம். விசைத்தறியில் நின்றே பிழைப்பவரிடம் காலை ஊன்றாதே என்கிறார்கள். கூலி? அதற்குப் பச்சிலை கிடையாது. பக்கத்து வீட்டுப் பிரண்டைத் துவையல் வரும். ஆட்டுக்கால் சூப் வரும், பாதியைக் கொண்டுவந்தவரே குடிப்பார். எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிற பீடியை விடச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது. ஆறுதலுக்கு ஒன்று பற்றவைத்தும் கொடுப்பார்கள்.

கட்டு எங்கே வேண்டுமானாலும் போடுங்கள் ஐயா, முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கட்டிய பிறகு விரல் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓட முடியாதுதான், ஆட்டோ பிடியுங்கள்.