பத்துக்கு ஏழு என்ப

பாயிரம்

வீடியோ கேம் திறனாய்வு என்னும் துறை தமிழில் இதுகாறும் முறையாக ஆராயப்படவில்லை. இப்படி ஒரு வாக்கியம் இல்லாமல் ஆய்வுக் கட்டுரை தொடங்கக் கூடாது என்பது மரபு, அதனால் எழுதினேன். உண்மையில் யூடியூபில் மீசை முளைக்காத பிள்ளைகள் தினமும் தமிழில் இதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் முனைவர் பட்டம் இல்லை. ஆகவே அது ஆராய்ச்சி ஆகாது.

முதலில் பெயர்ச் சிக்கல். நிகழ்பட ஆட்டம் என்பது ஒரு சாரார் கொள்கை. காணொளி விளையாட்டு என்பது மறுசாரார் கொள்கை. இரு சாராருக்கும் கேம் ஆடி நேரத்தை வீணாக்கும் வழக்கம் கிடையாது என்பதால் இந்தப் போர் நெடுங்காலம் நடக்கும். ஆடுகிறவர்கள் ‘கேம்’ என்கிறார்கள் (மருமகன், வாய்மொழி).

இக்கட்டுரையில் ‘மருமகன்’ எனச் சுட்டப்படுபவர் என் அக்கா மகன்; ஒன்பதாம் வகுப்பு. இத்துறையின் மூலநூலாசிரியர் அவரே. நான் உரையாசிரியன். உரையாசிரியனுக்கு மூலம் விளங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கருவியியல்

கருவி மூவகைப்படும்: கையில் வைத்து ஆடுவது, டிவியில் மாட்டி ஆடுவது, கணினியில் ஆடுவது. செல்போனைச் சேர்த்து நான்கு என்பாரும் உளர். நோக்கியாவில் பாம்பு விட்ட காலத்தில் நாம் மதிப்பெண் பார்த்தா விட்டோம்? எனவே செல்போன் விலக்கப்பட்டது.

கைக்கருவிக்கு அளவுகோல் பேட்டரி. 1989-இல் வந்த கேம் பாய்க்கு நான்கு பென்சில் செல். பச்சை மண்டிய திரை, விளக்கும் கிடையாது. ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் கேம் கியரைக் கொண்டுவந்தது. வண்ணத் திரை, உள்ளே விளக்கு, கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆறு செல்லை மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் தின்று தீர்த்துவிடும். வென்றது பச்சைத் திரை. திறனாய்வாளர் கண்ணால் மதிப்பிடுகிறார், செல் வாங்கிக் கொடுக்கும் அப்பா கணக்கால் மதிப்பிடுகிறார் என்பது இதனால் பெறப்படும்.

ஆடும் இடமும் மதிப்பெண்ணை மாற்றும். டிவியில் எட்டு வாங்கும் கேம் போர்வைக்குள் ஒன்பது வாங்கும் (மருமகன், வாய்மொழி, இரவு 11.40, போர்வைக்குள்ளிருந்து, குரல் தெளிவில்லை). 2017-இல் நின்டெண்டோ ஸ்விட்ச் வந்து இந்த வகைப்பாட்டைக் குலைத்தது. அதைக் கையிலும் ஆடலாம், டாக்கில் செருகி டிவியிலும் ஆடலாம். தம் வகைப்பாட்டில் அடங்காததற்குப் புறனடை என்று பெயரிட்டுவிட்டு அப்பால் போவது இலக்கணிகள் வழக்கம். நானும் போகிறேன்.

டிவிக் கருவியைப் பற்றி எழுதுமுன் ஐந்திணையில் பொருத்திவிட வேண்டும். இல்லையேல் ஆய்விதழில் வாங்கமாட்டார்கள். போர்வைக்குள் கைக்கருவி குறிஞ்சி, பொழுது யாமம். சார்ஜ் ஏறக் காத்திருத்தல் முல்லை. ஒரே டிவி, எட்டு மணி சீரியல் என்றால் மருதம், ஊடல் உரிப்பொருள். சர்வரை மூடிவிட்டார்கள் என்றால் நெய்தல். நூறு ஜிபி டவுன்லோடு, பாதியில் டேட்டா தீர்ந்தது என்றால் பாலை. இதை எழுத எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. இதே முறையில் பிரஷர் குக்கரையும் பொருத்தலாம், யாராவது பொருத்தியிருப்பார்கள்.

கணினியியல்

கணினியில் ஆடுபவர் கேமைத் திறனாய்வதில்லை, கிராபிக்ஸ் கார்டைத் திறனாய்வார்.

பாடபேதவியல்

தொண்ணூறுகளில் நம் தெருக்களில் ‘டிவி கேம்’ என்று ஒன்று இருந்தது. மஞ்சள் கேசட்டின் மேல் 9999999 இன் 1 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே ஐந்தாறு கேம்தான். மரியோ முதல் கட்டத்தில் தொடங்கினால் ஒரு எண், மூன்றாம் கட்டத்தில் தொடங்கினால் இன்னொரு எண். இதைப் பலர் மோசடி என்றனர். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஒரே கட்டுரையை ‘சங்க இலக்கியத்தில் நீர்’, ‘சங்கத் தமிழரின் நீர்’, ‘நீரும் சங்கத் தமிழரும்’ என்று மூன்று கருத்தரங்கில் வாசித்து மூன்று சான்றிதழ் வாங்கும் உலகத்தில் கேசட்காரன் மட்டும் என்ன பாவம் செய்தான்?

கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதுவோம். ஓடும். ஊதியதால் ஓடியது என்பது மூன்று தலைமுறை நம்பிக்கை. ஓடியது கழற்றி மறுபடி மாட்டியதால். பின்கள் புது இடத்தில் உட்கார்ந்தன. ஊதும்போது போன எச்சில் ஈரம் பின்னை அரிக்கும் என்று, ஊத வேண்டாம் என்று, நின்டெண்டோவே சொல்லியிருக்கிறது. ஆனாலும் எல்லாரும் ஊதினோம். பழைய உரையை மறுபடி மறுபடி மேற்கோள் காட்டுவதன் பயனும் ஏறக்குறைய இதுதான்.

பாடபேதத்தின் உச்சம் 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. ‘சைபர்பங்க் 2077’ வெளியாகுமுன் திறனாய்வாளர் கைக்குக் கொடுத்தது கணினிப் பிரதி மட்டுமே. அதைப் பார்த்துப் புகழ்ந்தார்கள். ஜனங்களில் பலர் வாங்கியதோ பிஎஸ்4 பிரதி. அதில் மனிதர்கள் முகம் இல்லாமல் நின்றார்கள், கேம் நடுவில் படுத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. அடுத்த ஜூனில்தான் திரும்ப வைத்தது. ஏட்டையே பார்க்காமல் உரை சொன்னவர் நம்மிடையே உண்டு. வேறொருவர் வீட்டு ஏட்டைப் பார்த்து நம் வீட்டு ஏட்டுக்கு உரை சொன்னது அன்றுதான்.

எண்ணியல்

இனி நூலின் உயிரான பகுதி. கேமுக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை உள்ள எண்கள் அழகுக்கு வைத்தவை. நடமாட்டம் ஆறுக்கு மேல்தான், கூட்டம் ஏழில். ஏழு என்பதன் பொருள், அணிந்துரையில் ‘ஆசிரியர் மேன்மேலும் வளர வாழ்த்துகிறேன்’ என்று எழுதுவோமே, அது. வாங்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லிப் பகை தேடவும் இல்லை.

ஏன் ஏழு? சுரம் ஏழு, கிழமை ஏழு. போதாதென்றால், வள்ளுவர் 1330 குறளுக்கும் மாறாமல் ஏழு சீர் வைத்தார். ஆகவே எந்தக் கேமுக்கும் ஏழு போடுவது வள்ளுவ நெறி என்று நிறுவலாம். நிறுவிவிட்டேன். மறுப்போர் எட்டாம் சீரைக் காட்டுக.

ஜப்பானில் 1986-இல் தொடங்கிய ஃபாமிட்சூ இதழில் நால்வர் தனித்தனியே பத்துக்குப் போட்டு 40-க்குக் கூட்டுவார்கள். நாற்பதும் முழுதாக முதலில் வாங்கியது 1998-இல் வந்த ‘ஒக்கரினா ஆஃப் டைம்’. நால்வர் ஒன்றுபோல் நினைத்தது அதிசயம். நம் ஊரில் ஒரு வாய்மொழித் தேர்வுக்கு இருவர் வந்தாலே சாப்பாட்டு நேரத்தைத் தவிர எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள்.

எண் என்பது விளையாட்டல்ல. 2010-இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேமைச் செய்தவர்களுக்கு, மெட்டாக்ரிட்டிக் தளத்துச் சராசரி 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. எங்கோ யாரோ ஒருவர் டீ ஆறிப்போன கடுப்பில் எட்டுக்குப் பதில் ஏழு போட்டிருந்தால் போதும், ஒரு அலுவலகத்துக்கே தீபாவளி போயிற்று.

அடுத்தது 7.8. இதற்குத் தனி ஆய்வேடே வேண்டும், சுருக்குகிறேன். 2014-இல் நின்டெண்டோ 3டிஎஸ் கைக்கருவிக்கு வந்த போகிமான் ‘ஒமேகா ரூபி’, ‘ஆல்ஃபா சஃபையர்’ கேம்களுக்கு ஐஜிஎன் தளம் 7.8 போட்டது. குறைகளில் ஒன்றாக அவர்கள் எழுதியது: தண்ணீர் அதிகம். இணையம் இன்றுவரை சிரித்து முடிக்கவில்லை. சிரிப்பது அறிஞர் இயல்பன்று, ஆராய்வோம்.

அந்தக் கேம் நடக்கும் ஹோயன் நாட்டின் கிழக்குப் பக்கம் முழுக்கக் கடல். கதையே கடலைப் பெருக்க நினைக்கும் கூட்டத்துக்கும் நிலத்தைப் பெருக்க நினைக்கும் கூட்டத்துக்கும் நடக்கும் தகராறு. அங்கே தண்ணீர் அதிகம் என்பது முருகன் கதையில் வேல் அதிகம் என்பது போல. தென்மதுரையில் 4440 ஆண்டும், கபாடபுரத்தில் 3700 ஆண்டும் நடந்த இரண்டு சங்கங்களைக் கடல் கொண்டதாக இறையனார் களவியல் உரை சொல்கிறது. எந்த உரையாசிரியராவது தண்ணீருக்காகப் புள்ளி இரண்டு குறைத்தாரா? மாறாக, கையில் இல்லாத நூலையெல்லாம் கடல் கொண்டது என்று சொல்லித் தப்பிக்க நமக்கு அந்தத் தண்ணீர்தான் உதவுகிறது.

அளவைச் சிக்கலும் உண்டு. ‘அதிகம்’ என்றால் எவ்வளவு? நம் வழக்கில் தண்ணீருக்கு அலகு டி.எம்.சி. மேட்டூர் 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அன்று டெல்டாவில் நின்று தண்ணீர் அதிகம் என்று ஒருவர் மதிப்பெண் குறைத்தால் என்ன நடக்கும் என்பதைக் கள ஆய்வாகச் செய்து பார்க்கலாம். ஆய்வாளர் ஓடத் தெரிந்தவராக இருத்தல் நலம். இதுபற்றி மூலநூலாசிரியர் கருத்து: “கொஞ்சம் தண்ணி அதிகம்தான் மாமா, சர்ஃப் பண்ணியே கை வலிக்கும்” (மருமகன், வாய்மொழி, திருத்திய இரண்டாம் பதிப்பு, சாப்பாட்டு மேசை, தயிர்சாதத்துக்கு முன், முதற்பதிப்பில் ‘செம மொக்கை’ என்றிருந்தது, அக்கா கரண்டியோடு வந்ததும் நீக்கப்பட்டது, மூன்றாம் பதிப்பு பரீட்சைக்குப் பின் வெளிவரும்). ஆக, ஐஜிஎன் சொன்னது சரியாகவும் இருக்கலாம். இந்த வரியைக் கட்டுரையின் நலன் கருதி அடைப்புக்குறிக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன்.

வெண்பாவியல்

வெண்பா என்றதும் தளை தட்டுகிறதா என்று பார்க்கத் தொடங்கியவர்கள் சற்றுப் பொறுக்க. இது 2023 ஜூலை 31-இல் டொரன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட கேம். எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்த் தம்பதி, அங்கே பிறந்து வளரும் மகன். வெண்பா என்பது அந்த அம்மாவின் பெயர். அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும். 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. திறனாய்வாளர்களின் மனக்குறை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது. நல்ல சாப்பாடு வேறெப்படி முடியும்?

சிதைந்த ஏடு, விட்டுப்போன வரி, பொருத்தமான ஊகம்: இது சுத்தமான பதிப்பாசிரியர் வேலை. ஒரே வித்தியாசம், இங்கே ஊகம் தப்பினால் இட்லி வேகாது. மற்ற பதிப்புகளில் இந்த வசதி இல்லை.

எங்கள் வீட்டில் மருமகன் ஆடினான். இட்லிப் பானைக்குள் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இடம் வந்தது. அவன் இரண்டு முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். அடுப்படி நிலைப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். “குழிக்கு மேல குழி வந்தா ஆவி எப்படிடா ஏறும்? தட்டைத் திருப்பி வை.” திருப்பி வைத்தான். வெந்தது. கான்ட்ரோலரைத் தொடாமலே கேமின் முதல் புதிரை விடுவித்தவள் அவள். எத்தனை மதிப்பெண் போடுவாய் என்று கேட்டேன். “இட்லிக்கு யாராவது மார்க் போடுவாங்களா? சாப்பிட்டா சரி” என்று உள்ளே போய்விட்டாள் (அக்கா, வாய்மொழி, ஒரே பதிப்பு, திருத்தம் இல்லை).

புறனடை

திறனாய்வாளர் கேமை முழுதும் ஆடி முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டுமா என்பது நெடுநாள் வழக்கு. நூல் முழுதும் படித்துவிட்டுத்தான் அணிந்துரை எழுத வேண்டும் என்று யாரும் சொல்லாதபோது கேமுக்கு மட்டும் அந்தக் கெடுபிடி தகாது என்பது என் துணிபு. இதில் எனக்குச் சொந்த நலனும் உண்டு. 2022-இல் வந்த ‘எல்டன் ரிங்’ கேமில் ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குப் போகும் பாலத்தில் மார்கிட் என்று ஒருவன் தடியோடு நிற்கிறான். இக்கட்டுரை அச்சுக்குப் போகும் வரை அவனிடம் 43 முறை செத்திருக்கிறேன். கேமுக்கு மதிப்பெண் முன்பே போட்டுவிட்டேன்; பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. “லெவல் ஏத்திட்டுப் போங்க மாமா” என்கிறார் மூலநூலாசிரியர். எனக்கு நேரமில்லை.

லெவல் ஏற்றாமல் மார்கிட்டைத் தாண்டும் வழி தெரிந்த வாசகர்கள் இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போட்டால் போதும். மருமகனுக்குத் தெரிய வேண்டாம்.