திறந்தவர் பெயர் கல்லில் உண்டு

கிஸ்தி கட்ட மறுத்த வீரபாண்டிய கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கில் போட்டார்கள். அதே கயத்தாற்றுக்குப் பக்கத்தில், சாலைப்புதூரில், இப்போது சுங்கச்சாவடி இருக்கிறது. இடம் தேர்ந்தெடுத்தவருக்கு வரலாறு தெரியாமல் இருக்கலாம். நன்றாகத் தெரிந்தும் இருக்கலாம். கார்க்காரர்கள் யாரும் எதிர்த்து வசனம் பேசுவதில்லை. வாயைத் திறப்பதற்குள் ஃபாஸ்டேக் கட்டிவிடுகிறது.

சாலையோரம் கல்லோ பலகையோ கண்ணில் பட்டால் இறங்கி வாசிக்காமல் எனக்கு ஆகாது. வண்டி ஓட்டும் மருமகனுக்கோ நெல்லை இருட்டுக்கடையில் அல்வாவுக்கு வரிசை நீளுமுன் ஊர் போய்ச் சேர வேண்டும். கயத்தாற்றில் கட்டபொம்மன் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மாமா, இது கட்டபொம்மனா, சிவாஜியா?” என்றான். “ரெண்டு பேருந்தாம்டே” என்றேன். 1959இல் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன், 1970இல் தன் சொந்தச் செலவில் அங்கே சிலை வைத்தார். வேஷத்தைக் கலைத்த பிறகும் பாத்திரத்துக்குச் செலவு செய்த நடிகர்கள் அதிகம் பேர் இல்லை.

முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர் மேடு திருச்செந்தூர் சாலையில் இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் நிற்கும் நீலப் பலகைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். தாழியில் புதைந்தவர் யார், எந்தக் காலம், என்ன சாப்பிட்டார் என்பதில் அவற்றுக்கு அக்கறை இல்லை. 1958ஆம் வருஷச் சட்டப்படி, சேதம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் மட்டும் ஐயத்துக்கே இடமில்லை. 1876இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பலகை தேவைப்பட்டது அப்போதுதான். பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். வெண்கலப் பாத்திரங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிவந்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. மேட்டுக்கு மிஞ்சியது எச்சரிக்கை. நல்லவேளை, 2023 முதல் கண்ணாடித் தரைக்குக் கீழே தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வழி செய்திருக்கிறார்கள்.

தாமிரபரணிமேல் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டப் பணம் கொடுத்தவர் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர். அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் தன் கைக்காசைப் போட்டு ஆற்றுக்குப் பாலம் கட்டினார் என்ற செய்தி இன்று கற்பனைக் கதை மாதிரிதான் கேட்கும். சந்தேகம் தீரக் கல்வெட்டை வாசிக்கலாம் என்றால், நின்ற மறுநொடி பின்னாலிருந்து டவுன் பஸ் ஹாரன் அடித்து நம்மையே வரலாறாக்கப் பார்க்கும்.

என் கணக்கில் நெல்லைச் சீமையின் ஆகச் சிறந்த வரலாற்றுப் பலகை ரயில்வேக்காரர்கள் வைத்ததுதான். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்ட நிலையத்தில், மஞ்சள் பலகையில் ‘வாஞ்சி மணியாச்சி’ என்று எழுதியிருக்கும். கூடவே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதும். தண்டனை விவரம் கிடையாது. இவ்வளவு போதுமே.

அன்றைக்குத் திரும்பி வரும்போது, நான்குவழிச் சாலையோரம் ஓய்விடம் ஒன்று தெரிந்தது. எந்த இடம் என்பது வேண்டாம். லாரிகள் நிற்கத் தளம், கழிப்பறை, சிமெண்டுப் பெஞ்சு எல்லாம் உண்டு; கழிப்பறையில் பூட்டும் உண்டு. பூட்டின் துருவைப் பார்த்தால் ரீ துரையைத்தான் கூப்பிட வேண்டும். சுவரில் மட்டும் திறப்புவிழாக் கல் பளபளவென்று இருந்தது. முன்னிலை, தலைமை, வரவேற்பு என்று பதவி வரிசை பிசகாத மெய்க்கீர்த்தி. சாவி யாரிடம் என்ற விவரம் தவிர எல்லாம் இருந்தது. திறந்தவர் பெயரைக் கல்லில் வெட்டுகிறார்கள். பூட்டியவர் பெயரை யாரும் வெட்டுவதில்லை.

“மாமா, இதையுமா வாசிப்பிய?” என்றான் மருமகன், கருவேலமர மறைவுக்குப் போய்க்கொண்டே.

இந்த நாட்டில் சாலைக்கும் ஓய்வுக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ராணி மங்கம்மாள் போட்ட சாலையை இன்றும் மங்கம்மாள் சாலை என்றே சொல்கிறார்கள். அவர் கட்டிய சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. சத்திரத்துக்கு வழியில்லாத ஊர்க்காரர்கள் சுமைதாங்கி நட்டார்கள். இரண்டு கல் நிற்க, மேலே ஒரு கல் குறுக்கே. தலைச்சுமையை அடுத்தவர் கை இல்லாமல் இறக்கவும் ஏற்றவும் தோதான உயரம். பெரும்பாலும் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைப்பது. சிலவற்றில் பெயரும் வெட்டியிருப்பார்கள். அதுவே ஓய்விடம், அதுவே வரலாற்றுப் பலகை. கதவு இல்லை, ஆகவே பூட்டும் இல்லை. ஒப்பந்தக்காரர் இல்லை, ஆகவே ஒப்பந்தம் முடியவும் இல்லை. சாலையை அகலப்படுத்தும்போது பிடுங்கி எறிந்தால்தான் உண்டு.

பலகை எழுதும் ஐயாமாருக்கு ஒரு விண்ணப்பம்: சிறைத்தண்டனையைக் கடைசி வரியில் போடுங்கள், முதல் இரண்டு வரியில் இங்கே யார் இருந்தார், என்ன நடந்தது என்று சொல்லுங்கள். ஓய்விடம் கட்டும் ஐயாமாருக்கும் ஒன்று: திறப்புவிழாக் கல்லில் சாவி வைத்திருப்பவரின் கைபேசி எண்ணையும் வெட்டிவிடுங்கள்.