பாத்துக்கிட்டு இருக்கேன்

மே மாதக் கடைசியில் மதுரையில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் அவனைப் பார்க்கலாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்திருக்கும். நீட்டும் எழுதி முடித்திருப்பான். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "தம்பி, அடுத்து என்ன படிக்கப் போற?" என்று கேட்பார். கேட்காமல் விட்டால் அது கல்யாணமே இல்லை. "பாத்துக்கிட்டு இருக்கேன் பெரியப்பா" என்பான். அந்த நிமிஷம் அவன் பார்த்துக்கொண்டிருப்பது பாதுஷாவைத்தான் என்றாலும் பதிலில் பொய் இல்லை. டாக்டருக்குப் போவதா, பிசினஸ் படிப்பதா என்று ரெண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

தெருவுக்கு ஒருத்தன் இப்படி இருப்பதால் பேர் எதற்கு? நம்மாள் என்றே வைத்துக்கொள்வோம்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே விதை விழுந்துவிட்டது. காமர்ஸ் குரூப் எடுக்கலாமா என்று அவனுக்கு லேசாக ஓர் ஆசை இருந்தது. அப்பா ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் வைத்தே கணக்கை முடித்தார்: "பயாலஜி எடுத்தா நாளைக்கு பி.காமுக்கும் போகலாம்டா. காமர்ஸ் எடுத்தா எம்.பி.பி.எஸ்ஸுக்குப் போக முடியுமா?" இதை எந்த வக்கீலாலும் உடைக்க முடியாது. ரெண்டு கதவும் திறந்து கிடக்கட்டும் என்று அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். எதற்குள் நுழைவது என்பதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

அதற்கப்புறம் நம்மாள் ஆளுக்குத் தகுந்த மாதிரி பதில் சொல்லப் பழகிக்கொண்டான். டாக்டர் சித்தப்பா எதிரில் வந்தால் குரல் தணிந்துவிடும். "கார்டியாலஜிதான் பிடிக்குது சித்தப்பா." விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாமாவைப் பார்த்தால் நெஞ்சு நிமிர்ந்துவிடும். "ஒருத்தர்ட்ட கைகட்டி நிக்கிறதெல்லாம் நமக்கு ஒத்துவராது மாமா. சொந்தமா ஏதாச்சும் பண்ணணும்." சித்தப்பா தன் பழைய ஸ்டெதஸ்கோப்பைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமா சட்டைப் பையில் 500 ரூபாயைத் திணித்திருக்கிறார். நாளைக்கே பி.காமில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டால் சித்தப்பா கண்ணுக்கு அவன் சீட்டுக் கிடைக்காத பையன். எம்.பி.பி.எஸ்ஸில் சேர்ந்துவிட்டாலோ, நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், மேற்படிப்பு மூணு வருஷம் என்று கூட்டிப் பார்த்து, "அப்ப எப்பத்தான் சம்பாதிப்ப?" என்று மாமா கேட்பார். முடிவெடுக்காத வரைக்கும் அவன் டாக்டரும்தான், முதலாளியும்தான். சம்பளம் இல்லாத உத்தியோகம், ஆனால் ரெண்டு பக்கமும் மரியாதை. எவன் ராஜினாமா செய்வான்?

ரெண்டுக்கும் அவனுக்குள்ள தகுதியை ஊரே பார்த்திருக்கிறது. அக்கா மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் என்ற முறையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை கத்தியது, மாமன் சாய்ந்தான். முகத்தில் சோடாவைத் தெளித்து அவனை எழுப்பிய பிறகுதான் ரெண்டாவது காதைக் குத்த முடிந்தது. வியாபாரத்திலும் கெட்டிக்காரன். காய்கறி வாங்கி வரச் சொல்லி அப்பத்தா அனுப்பினால், சும்மா கிள்ளிப் போடுகிற கருவேப்பிலைக்குத் தனியாகக் காசு கொடுத்துவிட்டு வருவான்.

நீட் பரீட்சை அவனுக்கு மார்க்கைக் கொடுத்ததோ இல்லையோ, ஒரு தத்துவத்தைக் கொடுத்தது. 180 கேள்வி. சரியாக எழுதினால் 4, தப்பாக எழுதினால் 1 கழியும், மொத்தம் 720. கோச்சிங் சென்டரில் சார் தினமும் ஓதிய மந்திரம்: "சந்தேகமா இருந்தா தொடாத, விட்ரு." தொடாத கேள்விக்குக் கழிவு கிடையாது. எல்லாரும் இதைப் பரீட்சை ஹாலோடு விட்டுவிட்டு வந்தார்கள், நம்மாள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பிறகு சி.ஏ. ஃபவுண்டேஷன் பக்கம் எட்டிப் பார்த்தால், அங்கேயும் விடையைத் தேர்ந்தெடுக்கும் தாள்களில் தப்புக்குக் கால் மார்க் கழிக்கிறார்கள். மருத்துவமும் வணிகமும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன என்று முடிவு கட்டினான். அவன் இதுவரை எடுத்த ஒரே முடிவு அது.

இந்த லட்சணத்தில் காலேஜ் தேட வேண்டும். மற்ற பிள்ளைகள் கட்-ஆஃப் பார்ப்பார்கள், ஃபீஸ் பார்ப்பார்கள், ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று சீனியரிடம் விசாரிப்பார்கள். நம்மாளுக்கு ஒரே நிபந்தனைதான்: ரெண்டு படிப்பும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்க வேண்டும். மனசு மாறினால் நடந்தே அடுத்த கட்டடத்துக்குப் போய்விடலாமாம். சென்னைப் பக்கத்தில் அப்படிச் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கையேட்டைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினான். அப்பா ஃபீஸ் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சைபர் குறையவில்லை.

சென்னைக்கு ஏன் போக வேண்டும், மதுரைக் கோரிப்பாளையமே அவனுக்காகக் கட்டி வைத்த இடம்தானே. ஒரு பக்கம் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி. கூப்பிடு தூரத்தில் பெரியாஸ்பத்திரி, அதோடு சேர்ந்தாற்போல 1954இல் வந்த மதுரை மருத்துவக் கல்லூரி. நடுவில் ஷேர் ஆட்டோக்கள். அங்கே ஒரு டீக்கடை ஓரம் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் கடைக்காரர், "தம்பி, வழிய விட்டு நில்லுங்க" என்றாராம். நம்மாளுக்கு இதுவரை கிடைத்த அறிவுரைகளில் அதுதான் உருப்படியானது என்பது என் கட்சி.

ஒருநாள் மாமா தன் கடையில் வைத்து நேராகவே கேட்டுவிட்டார். "மாப்ள, ஒரு மனுசன் ரெண்டு வேலையையும் பாக்க முடியுமாடா?"

"ஏன் முடியாது? அரவிந்த் ஆஸ்பத்திரி வெங்கடசாமி டாக்டர் பாக்கலையா?"

சும்மா சொல்லக்கூடாது, உதாரணம் அசல். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர் அவர். 1976இல் இதே ஊரில் 11 படுக்கையோடு அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயிருந்தும் அறுவை சிகிச்சை செய்தவர். கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகக் கண்புரை எடுத்து, அப்படியும் ஆஸ்பத்திரி கடனில் மூழ்காமல் வளர்ந்த கதையை ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மாள் விடவில்லை. இதய மருத்துவரான பிரதாப் ரெட்டி 1983இல் சென்னையில் அப்போலோவைத் திறந்ததையும் சொன்னான்.

"ரெண்டு பேருமே மொதல்ல டாக்டருக்குப் படிச்சு முடிச்சாங்கடா. யாவாரமெல்லாம் அப்பறந்தான்" என்றார் மாமா.

நம்மாள் விரல்விட்டு எண்ணினான். "அவருக்கு 58, இவருக்கு 50. எனக்கு 17. அவசரமே இல்ல மாமா."

மாமா துணி அளக்கப் போய்விட்டார்.

கலைக்கல்லூரிகளில் அட்மிஷன் முதலிலேயே முடிந்துவிடும். மருத்துவக் கலந்தாய்வு அதற்கப்புறம்தான். அதனால் 'இதுவும் இருக்கட்டுமே' என்று பி.காமில் சேர்த்துவிட்டார்கள். சாயங்காலம் நீட் ரிப்பீட்டர் பேட்ச். பகலெல்லாம் பற்று வரவு, பொழுது சாய்ந்தால் ரத்த ஓட்டம். வலது பக்க இதயத்தில் வரவு, இடது பக்கத்தில் செலவு என்று குறிப்பெழுதி வைத்திருக்கிறான். யோசித்துப் பார்த்தால் அது தப்பும் இல்லை. சேர்ந்த அன்றைக்கே ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "சார், டி.சி.ய எப்ப வேணா திருப்பி வாங்கிக்கலாம்ல?" என்று கேட்டானாம். கிளார்க் தலையை நிமிர்த்தவே இல்லை. "தாலி கட்டுறப்பவே வக்கீல் நம்பர் கேக்குற ஆளா நீ?"

நீட் எழுத இத்தனை தடவைதான் என்று வரம்பு கிடையாது. மேல் வயது வரம்பையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். எம்.பி.ஏ.வுக்கான கேட் தேர்வுக்கும் வயது வரம்பு இல்லை. அரசாங்கமே இவ்வளவு பொறுமையாக இருக்கும்போது வீட்டில் மட்டும் ஏன் அவசரப்படுகிறார்கள் என்பது அவன் கேள்வி.

இத்தனைக்கும் அவன் ஒருநாள்கூட ஆஸ்பத்திரி வார்டில் நின்றதில்லை, ஒருநாள்கூட மாமா கடைக் கல்லாவில் உட்கார்ந்ததில்லை. பெரியாஸ்பத்திரிக்கு டவுன் பஸ் ஓடுகிறது, மாமா கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறது. போய்ப் பார் என்று அப்பாவும் சொல்லவில்லை, சித்தப்பாவும் சொல்லவில்லை. ஆளாளுக்குக் கையேடு மட்டும் வாங்கிக் கொடுத்தார்கள்.

உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒருத்தன் கட்டாயம் இருப்பான். அவனுக்கு என்ன புத்திமதி வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால், "ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்ட்டுன்னு ஒண்ணு இருக்குப்பா, ரெண்டும் சேந்த மாதிரி" என்று மட்டும் தயவுசெய்து வாயைத் திறந்துவிடாதீர்கள். அதையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.